வாசல்வரை வந்து நிற்கும் வைஃபை

2004ஆம் ஆண்டில் மைசூருக்குப் புதிதாக ஒரு பட்டம் கிடைத்தது: இந்தியாவின் முதல் வைஃபை நகரம். வைஃபைநெட் என்ற நிறுவனம் நகரம் முழுவதையும், பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றையும் கம்பியில்லா இணையத்தின் கீழ்க் கொண்டுவந்தது. அரண்மனைக்கும் பட்டுக்கும் பெயர்பெற்ற ஊர், கம்பியில்லா இணையத்துக்காகவும் பேசப்பட்டது. மடிக்கணினி வைத்திருந்தவர்களே அபூர்வமாக இருந்த காலம் அது. கைப்பேசியில் வைஃபை என்பதைப் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்கவில்லை.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஊரில், சரஸ்வதிபுரத்திலோ குவெம்பு நகரிலோ ஒரு வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடியிழைக் கேபிள் நேரே அதற்குள் வந்து சேர்கிறது. ஹாலில் படம் தடையில்லாமல் ஓடும். மைசூரின் சாயங்காலக் காற்றுக்கு ஆசைப்பட்டுத் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். வாசல் கேட்டில் வைத்த கேமரா நாளைக்கு நாலு தடவை இணைப்பை இழக்கும். மொட்டைமாடியில் ஒரு அறை கட்டி அலுவலக வேலை பார்ப்பவரோ, கூட்டத்தில் பேசப் பேச உறைந்துபோவார்.

அன்று தெருவிலிருந்து வீட்டுக்குள் இணையத்தை அனுப்பப் பார்த்தார்கள். இன்று வீட்டுக்குள்ளிருந்து வெளியே அனுப்பப் பார்க்கிறோம். திசைதான் மாறியிருக்கிறது, இடையில் நிற்கும் சுவர் மாறவில்லை. நகரம் முழுக்க வைஃபை என்ற கனவு உலகின் பல ஊர்களில் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தெருவிளக்குக் கம்பங்களில் பெட்டிகளை மாட்டி ஊரையே இணைக்கும் திட்டத்தை எர்த்லிங்க் நிறுவனம் எடுத்துச் செய்தது. 2008இல் அதைக் கைவிட்டது. செலவுக் கணக்கு ஒரு காரணம் என்றால், கம்பத்திலிருந்து கிளம்பிய அலை வீட்டுக்குள் சரியாக நுழையாதது இன்னொரு காரணம்.

வெளியே வைஃபை வரவில்லை என்றதும் தூரம் அதிகம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். தூரத்தின் மீது பழி போடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துவிடலாம். வைஃபை சமிக்ஞையின் வலிமையை டெசிபெல் கணக்கில் சொல்வார்கள். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் வைஃபை அளவீட்டுச் செயலி எதுவானாலும் அந்த எண்ணைக் காட்டும். அது எப்போதும் கழித்தல் குறியோடு இருக்கும். மைனஸ் 50 என்றால் பிரமாதம், மைனஸ் 65 வரை கவலையில்லை, மைனஸ் 80ஐத் தாண்டினால் பேருக்குத்தான் இணைப்பு. எண் 10 குறைந்தால் வலிமை பத்தில் ஒன்றாகிவிட்டது என்று பொருள். மைனஸ் 70இல் உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்வது ஒரு வாட்டின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அதிலிருந்துதான் அது ஒரு சினிமாவையே பிரித்தெடுக்கிறது.

மைசூரில் நாற்பதுக்கு அறுபது சைட் என்றால் அறுபதடி நீளம், ஏறத்தாழ 18 மீட்டர். ஹாலில் இருக்கும் ரவுட்டருக்கும் பின்பக்கக் காம்பவுண்டுக்கும் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் 100 மில்லிவாட்டில் அலையை அனுப்புகிறது. இடையில் எதுவுமே இல்லாவிட்டால், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தக் காம்பவுண்டில் மைனஸ் 43 அளவில் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை மைனஸ் 51 அளவில் இருக்கும். இரண்டுமே முதல் தரம். தூரம் இரட்டிப்பானால் இழப்பு 6 டெசிபெல்தான், ஆகவே நூறு மீட்டர் தள்ளிப் போனாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. இப்போது நடுவே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டை வையுங்கள். தோராயமாகச் சுவருக்கு 10 டெசிபெல் வீதம் 2.4இல் போகிறது, மைனஸ் 63 ஆகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் சுவருக்கு 15 என்று வைத்தால் மைனஸ் 81. ஹாலில் பறந்த இணைப்பு தோட்டத்தில் ஏன் படுத்துவிடுகிறது என்பதற்கு இந்த ஒரு கழித்தல் கணக்கே போதும். நூறு மீட்டர் திறந்த வெளியால் ஆகாததை இரண்டு சுவர்கள் செய்துவிடுகின்றன.

மைசூரின் பழைய வீடுகளில் சுவர் இன்னும் தடிமன். அக்ரஹாரத்திலும் லட்சுமிபுரத்திலும் ஒன்றரை அடி அகலச் சுவர்களைப் பார்க்கலாம். வெயிலுக்கு இதம், வைஃபைக்கு வில்லன். புது வீடுகளில் சுவர் மெலிந்துவிட்டது, ஆனால் தலைக்கு மேல் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் வந்துவிட்டது. மாடிக்கு அலை ஏறாததற்கு அதுவே பெரிய காரணம். மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நின்றால் அதற்குப் பின்னால் இருப்பவருக்கு அலை கிடைக்காது. இந்த அலைவரிசையைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சும். ரவுட்டருக்கும் தோட்டத்துக்கும் நடுவே இரும்பு பீரோ நின்றால் கேட்கவே வேண்டாம்.

பலர் கவனிக்காத ஆள் ஒன்று உண்டு, கொசுவலை. ஜன்னல் திறந்துதானே இருக்கிறது, அலை அதன் வழியாகப் போகட்டுமே என்று நினைப்போம். நியாயமான நினைப்பு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், 5 கிகாஹெர்ட்ஸில் ஐந்தரை சென்டிமீட்டர் அளவு. ஜன்னல் கம்பிகளுக்கு இடையே அலை ஓரளவு நழுவிவிடும். கொசுவலையின் ஓட்டையோ ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அந்த வலை அலுமினியத்தாலோ எஃகாலோ ஆனதென்றால், அலைக்கு அது கிட்டத்தட்ட உலோகத் தகடு. மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் இருக்கும் துளைத் தகடு வேலை செய்வதும் இதே விதியால்தான். அந்த அடுப்பு ஓடுவதும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான். நைலான் வலை, கண்ணாடியிழை வலை போட்டிருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சுள்ள கண்ணாடி போட்டிருந்தாலும் இதே கதைதான். சாதாரணக் கண்ணாடி அலையை அவ்வளவாகத் தடுக்காது.

மழை பெய்தால் வைஃபை போய்விடுகிறது என்ற புகாரும் உண்டு. மழைத்துளி இந்த அலைகளை ஒன்றும் செய்வதில்லை. நனைந்த சுவரும் நனைந்த இலைகளும்தான் செய்கின்றன. வெளியில் மாட்டிய பெட்டியின் இணைப்பு முனையில் ஈரம் இறங்குவது இன்னொன்று.

ஒரு வீட்டிலிருந்து ஊர் முழுக்க அலையை அனுப்பியதில் மைசூருக்கு முன் அனுபவம் இருக்கிறது. 1935 செப்டம்பர் 10 அன்று, மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி, விட்டல் விஹார் என்ற தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு ஆகாசவாணி என்று பெயர் வைக்கப்பட்டது. பின்னாளில் நாட்டின் வானொலிக்கே அந்தப் பெயர் வந்தது. வீட்டுக்குள் வைத்த சிறு கருவி ஊருக்கெல்லாம் கேட்டிருக்கிறது, நம் ரவுட்டர் கொல்லைக்குக் கேட்கவில்லையே என்று தோன்றலாம். மத்திய அலை ஒலிபரப்பின் அலைநீளம் நூற்றுக்கணக்கான மீட்டர், அதற்கு வீட்டுச் சுவர் ஒரு பொருட்டே அல்ல. இன்றைய மைசூர் வானொலியின் 100.6 மெகாஹெர்ட்ஸ் பண்பலைக்கே அலைநீளம் 3 மீட்டர் இருக்கிறது. அலைநீளம் குறையக் குறையத் தகவல் அதிகம் ஏற்றலாம், அதற்கு ஈடாகச் சுவரிடம் தோற்க வேண்டியிருக்கும்.

இன்னொரு வித்தியாசம் முக்கியமானது. வானொலியில் நிலையம் பேசும், நாம் கேட்போம். வைஃபையில் இரண்டு பக்கமும் பேச வேண்டும். ஒவ்வொரு தகவல் பொட்டலமும் வந்து சேர்ந்ததும், வந்தது என்று கைப்பேசி பதில் அனுப்ப வேண்டும். பதில் கேட்கவில்லையென்றால் ரவுட்டர் அதையே திரும்ப அனுப்பும். கைப்பேசி அலையை அனுப்பும் சக்தி ரவுட்டரைவிடக் குறைவு, அதன் ஆன்டெனாவும் குட்டி. ஆகவே ரவுட்டரின் சக்தியை மட்டும் கூட்டினால், ரவுட்டர் சொல்வது கைப்பேசிக்குக் கேட்கும், கைப்பேசி சொல்வது ரவுட்டருக்குக் கேட்காது. திரையில் நான்கு கோடும் முழுசாக இருக்கும், பக்கம் திறக்காது. அதிக சக்தி என்று விளம்பரம் செய்து விற்கும் பெட்டிகளால் தோட்டத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் பலன் பெரும்பாலும் இவ்வளவுதான். நல்ல ஆன்டெனா அப்படியல்ல. அது அனுப்புவதையும் கூட்டும், கேட்பதையும் கூட்டும்.

கடைக்காரர் அடுத்துக் காட்டுவது ரிப்பீட்டர். விலை குறைவு, பிளக்கில் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் அது கேட்பதும் திருப்பிச் சொல்வதும் ஒரே சேனலில் என்றால், ஒவ்வொரு பொட்டலமும் காற்றில் இரண்டு முறை போகிறது, வேகம் பாதியாகிறது. இதில் ஒரு பொதுவான தவறு, இணைப்பே வராத இடத்தில் கொண்டுபோய் அதை வைப்பது. தனக்கே கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? ரவுட்டர் நன்றாகக் கேட்கும் இடத்தில், தோட்டத்தைப் பார்த்த ஜன்னலருகே வைத்தால் ஓரளவு பிழைக்கும். தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை வைத்திருக்கும் மெஷ் பெட்டிகள் இதைவிட மேல், விலையும் மேல்.

தோட்டத்து இணைப்பு மோசமானால் கெடுவது தோட்டம் மட்டுமல்ல, வீடு முழுவதும் கெடுகிறது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஹாலில் இருக்கும் டிவி நொடிக்கு 300 மெகாபிட் வேகத்தில் பேசுகிறது. கேட்டுக்குப் பக்கத்துக் கேமரா, சமிக்ஞை பலவீனமானதால் 6 மெகாபிட்டில் இழுத்து இழுத்துப் பேசுகிறது. அதே அளவு தகவலுக்குக் கேமரா ஐம்பது மடங்கு நேரம் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. அதுவரை டிவி காத்திருக்க வேண்டியதுதான். நெட் ஸ்லோ என்று சேவை நிறுவனத்துக்குப் போன் செய்வோம். அவர்கள் பக்கத்தில் எந்தக் கோளாறும் இருக்காது.

திறந்தவெளிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. அலை நேராகவும் வரும், எதிர்வீட்டுச் சுவரிலும் நிறுத்தியிருக்கும் காரிலும் பட்டுத் திரும்பியும் வரும். பெரிய கோயில் மண்டபத்தில் ஒலிபெருக்கியில் பேசுபவர் வேகமாகப் பேசினால் எதிரொலி ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரு சொல்லும் புரியாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டால்தான் புரியும். வைஃபையும் அப்படித்தான் இடைவெளி விடுகிறது. பழைய தலைமுறைகளில் அந்த இடைவெளி 0.8 மைக்ரோநொடி. அந்த நேரத்தில் அலை 240 மீட்டர் போகும், வீட்டுக்குள் அது தாராளம். திறந்தவெளியில் தொலைவிலுள்ள கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலை அதைவிடத் தாமதமாக வரலாம். வைஃபை 6 என்னும் தரத்தில் 1.6, 3.2 மைக்ரோநொடி இடைவெளிகளையும் சேர்த்தார்கள். வெளிப்புறத்தை மனத்தில் வைத்துச் செய்த மாற்றம் இது. ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு இது பெரிதாகத் தேவைப்படாது. மாந்தோப்பு, பள்ளி மைதானம், கல்யாண மண்டபத்து வெளிவளாகம் என்றால் தேவைப்படும்.

அப்படியானால் வழி என்ன? அலையைச் சுவர் வழியாகத் தள்ளப் பார்க்காமல், கம்பியைச் சுவர் வழியாகக் கொண்டுபோவதுதான் வழி. கம்பியில்லா இணையத்துக்குக் கம்பி போடச் சொல்வது வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் எனக்குத் தெரிந்தவரை இதற்கு ஈடான மருந்து வேறில்லை. ரவுட்டரிலிருந்து ஒரு கேட்-6 கேபிள், சுவரில் விரல் நுழையும் அளவு ஒரு துளை, வெளியே சன்ஷேடுக்கு அடியில் வெளிப்புறத்துக்கென்றே செய்த, ஆக்சஸ் பாயின்ட் என்னும் வைஃபைப் பெட்டி. தாமிரக் கேபிள் 100 மீட்டர் வரை போகும். மின்சாரத்தையும் அதே கேபிளில் 48 வோல்ட் அளவில் அனுப்பிவிடலாம், பவர் ஓவர் ஈதர்நெட் என்பார்கள். தோட்டத்தில் தனி பிளக் பாயின்ட் தேவையில்லை. சுவரைக் கடந்தாயிற்று என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் பழி நீங்கிவிடும். வெளியே அதற்குக் குறுக்கே எதுவுமில்லை, மைனஸ் 50ஐ ஒட்டிய எண்ணைத் தோட்டத்திலேயே பார்க்கலாம். 2.4இல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. வெளியில் மாட்டிய பெட்டிக்குத் தெருவில் உள்ள எல்லா ரவுட்டர்களின் சத்தமும் கேட்கும். ஆகவே அதில் 5ஐயே முதன்மையாக வைத்துக்கொள்வது நல்லது.

துளை போட வரும் ஆளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். துளை உள்ளிருந்து வெளியே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், மேல்நோக்கி இருந்தால் மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கே வந்துவிடும். நுழையுமிடத்தில் கேபிளை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிளை வெளியே போட்டால் வெயிலில் உறை வெடித்துவிடும். வெயில் தாங்கும் கறுப்பு உறைக் கேபிள் என்று கேட்டு வாங்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மைசூரில் இடியோடு வரும் மாங்காய் மழையை நினைத்து, எர்த் இணைப்பும் மின்னெழுச்சித் தடுப்பானும் வைப்பது அவசியம். பக்கத்துக் கட்டடத்துக்கோ அவுட்ஹவுசுக்கோ கொண்டுபோவதென்றால் தாமிரத்தை விட்டுவிட்டுக் கண்ணாடியிழையாகவே போடலாம். கண்ணாடியில் மின்சாரம் பாயாது, ஒரு கட்டடத்தில் விழுந்த இடி இன்னொன்றின் பெட்டியை எரிக்காது.

கம்பி போடவே முடியாத தூரத்துக்கும் வைஃபையைக் கொண்டுபோனவர்கள் உண்டு, அதுவும் தமிழ்நாட்டிலேயே. தேனியில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையை ஆண்டிபட்டி, போடி போன்ற ஊர்களின் சிறு கண் பரிசோதனை மையங்களோடு இணைக்க, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த எரிக் ப்ரூவரின் குழு வைஃபையையே எடுத்துக்கொண்டது. கிராமத்து நோயாளி தேனிக்குப் போகாமலே அங்குள்ள மருத்துவரோடு காணொளியில் பேச முடிந்தது. விலை மலிவான சாதாரண வைஃபை அட்டைகள்தான், ஆனால் ஆன்டெனாவைக் கோபுரத்தில் ஏற்றி ஒரே திசையில் குவித்தார்கள். அதில் சிக்கல் தந்தது தூரமல்ல, நேரம். அலை ஒரு மைக்ரோநொடியில் 300 மீட்டர் போகிறது. 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப 100 மைக்ரோநொடி. வீட்டு வைஃபையோ பதிலுக்காகச் சில பத்து மைக்ரோநொடிதான் காத்திருக்கும். பதில் வழியிலேயே இருக்கும்போது, காணோம் என்று முடிவுகட்டி மறுபடி அனுப்ப ஆரம்பித்துவிடும். ஆகவே ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பதில் கேட்பதை விட்டுவிட்டு, இரண்டு முனைகளும் முறைவைத்துப் பேசி, பதில்களை மொத்தமாக அனுப்பும்படி மென்பொருளை மாற்றினார்கள். 2007இல் இதை ஆய்வுக்கட்டுரையாகவும் வெளியிட்டார்கள்.

அடுத்த ஆண்டு வந்த கட்டுரைதான் எனக்கு இன்னும் பிடித்தது. இந்த வலைப்பின்னல்களை வருடக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பதில் எது தொல்லை தருகிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். அலையைவிட அதிகம் படுத்தியது மின்சாரம். திடீர் எழுச்சி, தாழ்ந்த மின்னழுத்தம், வந்து வந்து போகும் கரன்ட், இவைதான் பெட்டிகளைச் சாகடித்தன. தோட்டத்துப் பெட்டிக்கும் இதே பாடம் பொருந்தும். பவர் ஓவர் ஈதர்நெட்டின் இன்னொரு லாபம், ரவுட்டர் இருக்கும் யுபிஎஸ்சிலிருந்தே வெளிப்பெட்டிக்கும் மின்சாரம் போய்விடும்.

சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்பதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸை உரிமமில்லாமல் பயன்படுத்த 2005 ஜனவரியில் அரசு அனுமதித்தது. ஆன்டெனாவோடு சேர்த்து வெளிவிடும் சக்தி 4 வாட்டுக்குள் இருக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸை வெளிப்புறத்திலும் தாராளமாகப் பயன்படுத்த வழிவிட்டது 2018இல் வந்த அறிவிப்பு. தோட்டத்துப் பெட்டிகளின் நல்ல காலம் உண்மையில் அப்போதுதான் தொடங்கியது. சட்டம் அனுமதித்தாலும் கடவுச்சொல் இல்லாமல் திறந்துவிடக் கூடாது. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் அனுப்பப்பட்ட பயங்கரவாத மின்னஞ்சல், நவி மும்பையில் யாரோ ஒருவருடைய பாதுகாப்பற்ற வைஃபை வழியாகப் போயிருந்தது. தோட்டத்து வைஃபை தெருவுக்கும் கேட்கும். நீளமான கடவுச்சொல், விருந்தினருக்குத் தனி இணைப்பு, தேவைக்கு மேல் கூட்டாத சக்தி, இவை மூன்றும் கட்டாயம்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவர் பூசுவதற்கு முன்பே எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி, ஹாலிலிருந்து சிட்-அவுட்டுக்கும் மொட்டைமாடிக்கும் கேட்டுக்கும் தலா ஒரு காலிக் குழாய் பதித்து, உள்ளே இழுகம்பி ஒன்றை விட்டுவைக்கச் சொல்லுங்கள். மின்சாரக் கம்பி போகும் குழாயோடு அதைச் சேர்க்க வேண்டாம், தனியாக இருக்கட்டும். கட்டும்போது அதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். பிறகு சுவரை உடைத்துப் போட்டால் கூலியும் மறுபூச்சும் பெயின்ட்டும் சேர்ந்து, வாங்கப்போகும் பெட்டியின் விலையைத் தாண்டிவிடும்.